கடலில் கொட்டிய எண்ணெயை அள்ளுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் சிந்தியது. அப்போது தொடங்கிய சந்தேகங்கள் இன்னும் ஓயவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கியபோதும், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியபோதும் அதே கேள்விகள் வந்தன. கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, படகுக்காரர்கள் உண்டு, செய்தி எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

1. எண்ணெய் தண்ணியில மிதக்குது. மேலாக அள்ளிட்டா முடிஞ்சுது. இதுல என்ன அவ்வளவு கஷ்டம்?

மிதப்பதால்தான் கஷ்டம். மிதக்கிற எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது, பரவிக்கொண்டே போகும். கடல்மேல் வானவில் நிறத்தில் தெரியும் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரானிலிருந்து 5 மைக்ரான் வரைதான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 0.3 மைக்ரான் என்றால் ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்கப் பரவியிருப்பது மொத்தமே 300 லிட்டர், அதாவது ஒன்றரை டிரம். அதை எந்த இயந்திரமும் அள்ளாது. கறுப்பாக, தடிமனாகக் கிடக்கும் திட்டுகளில்தான் சரக்கு இருக்கிறது. பரவிய பரப்பில் பத்தில் ஒரு பங்கில்தான் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய் கிடக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

இன்னொரு தொல்லை, எண்ணெய் மணிக்கு மணி மாறுகிறது. லேசான பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். மிஞ்சியதை அலை கடையக் கடைய அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்புக் களிபோல ஆகும். கொட்டியது 100 டன் என்றால் களியாகி மிதப்பது 300, 400 டன்னாக இருக்கலாம். முதல் நாள் பம்பில் ஓடிய எண்ணெய் நான்காம் நாள் மண்வெட்டி கேட்கும்.

2. டீசல், கச்சா எண்ணெய், ஃபர்னஸ் ஆயில் எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தானா?

இல்லை. பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் ஆவியாகியும் கலைந்தும் போய்விடும். அங்கே பயம் தீயும் நச்சு ஆவியும்தான். கச்சா எண்ணெய் நடுவாந்தரம், கிணற்றுக்குக் கிணறு குணம் மாறும். கப்பல்கள் எரிபொருளாக வைத்திருக்கும் ஃபர்னஸ் ஆயில்தான் மிக மோசம். ஆவியாகாது, எளிதில் கலையாது, பாறையில் ஒட்டினால் விடாது. 2017இல் எண்ணூரில் சிந்தியது இதுதான். அதனால்தான் கச்சா எண்ணெய்க் கப்பல்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவே சிந்தியும் அவ்வளவு பாடுபடுத்தியது.

3. ஆரஞ்சு கலர்ல பாம்பு மாதிரி ஒண்ணைக் கடல்ல போடுறாங்களே, அது எண்ணெயைத் தடுத்துடுமா?

அதன் பெயர் பூம். மேலே மிதவை, கீழே தொங்கும் பாவாடை, அடியில் கனத்துக்குச் சங்கிலி. எண்ணெயை வளைத்து ஓரிடத்தில் தடிமனாகச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அமைதியான தண்ணீரில் நன்றாகவே செய்யும்.

நீரோட்டம் வந்தால் கதை மாறும். பூமுக்கு நேர்குத்தாக வரும் நீரின் வேகம் சுமார் 0.7 நாட், அதாவது மணிக்கு 1.3 கிலோமீட்டரைத் தாண்டினால் எண்ணெய் துளித்துளியாகப் பாவாடைக்கு அடியில் நழுவி மறுபக்கம் போய்விடும். பூமை இன்னும் ஆழமாகப் போட்டாலும் பெரிய பலன் இல்லை. ஆற்று முகத்துவாரங்களில் வற்றும்போது ஓட்டம் இதைவிட வேகமாக இருக்கும். அங்கே குறுக்கே கட்டாமல் சாய்வாகப் போட்டு, எண்ணெயைக் கரையோரம் ஓட்டம் குறைந்த இடத்துக்குத் தள்ளி எடுக்க வேண்டும். புகைப்படத்தில் நேராக அழகாகக் கட்டிய பூம் தெரிந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

4. ஸ்கிம்மர்னு சொல்றாங்களே, அது எப்படி வேலை செய்யுது?

மிதக்கும் எண்ணெயை அள்ளும் இயந்திரம் அது. இரண்டு பெரிய வகை. ஒன்று, மேல்மட்ட நீரோடு எண்ணெயும் வழிந்து உள்ளே விழ, அதைப் பம்ப் இழுப்பது. வேகமாக இழுக்கும், தண்ணீரையும் சேர்த்தே இழுக்கும். மற்றது, எண்ணெய் ஒட்டும் தன்மையை நம்புவது: சுழலும் தட்டு, உருளை, பிரஷ் அல்லது கயிறு எண்ணெயில் புரண்டு மேலே வரும், வழிப்பான் அதை வழித்துத் தொட்டியில் தள்ளும். இதில் தண்ணீர் குறைவாக வரும்.

தண்ணீர் குறைவாக வருவது ஏன் முக்கியம்? கடலில் தொட்டி நிரம்பிவிட்டால் வேலை நின்றுவிடும். பத்துப் பங்கில் எட்டுப் பங்கு தண்ணீரை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போய் இறக்கிவிட்டு வருவதற்குள் எண்ணெய் இன்னும் பரவியிருக்கும்.

5. பெரிய விபத்துகள்ல எவ்வளவு எண்ணெயைத் திரும்ப எடுத்திருக்காங்க?

கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். திறந்த கடலில் இயந்திரம் வைத்துப் பத்துப் பதினைந்து விழுக்காடு எடுத்தாலே நல்ல அறுவடை என்பார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளை மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு 87 நாள் பீறிட்டது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் வெளிவந்தது 49 லட்சம் பேரல். ஆயிரக்கணக்கான படகுகளை இறக்கியும் ஸ்கிம்மர்கள் எடுத்தது அதில் சுமார் 3 விழுக்காடு. எரித்தது 5 விழுக்காடு. கிணற்று வாயிலேயே குழாய் மாட்டிப் பிடித்தது 17 விழுக்காடு.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரவுவதற்கு முன் பிடித்ததுதான் அதிகம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதைத்தான்.

6. 1989ல எக்ஸான் வால்டெஸ், 2010ல மறுபடி அதே பூம், அதே ஸ்கிம்மர். இருபது வருஷம் சும்மாவே இருந்தாங்களா?

அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிய பிறகு மாறியது பெரும்பாலும் தடுப்புப் பக்கம்தான். 1990இல் அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது, எண்ணெய்க் கப்பல்களுக்கு அடியிலும் பக்கங்களிலும் இரட்டைச் சுவர் கட்டாயமானது. பெரிய கசிவுகள் நிஜமாகவே குறைந்தன. குறைந்ததால் அள்ளும் கருவிகளில் பணம் போட யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று.

2010 அதிர்ச்சிக்குப் பிறகு அமெரிக்கக் கொடையாளர் வெண்டி ஷ்மிட் கொடுத்த 14 லட்சம் டாலர் பரிசுத்தொகையில் எக்ஸ் பிரைஸ் அமைப்பு ஒரு போட்டி வைத்தது. நிமிடத்துக்கு 2,500 கேலனுக்கு மேல் எடுக்க வேண்டும், எடுப்பதில் 70 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெயாக இருக்க வேண்டும். அதுவரை துறையில் இருந்த நல்ல அளவு சுமார் 1,100 கேலன். நியூ ஜெர்சியில் ஓம்செட் என்று 200 மீட்டர் நீளச் சோதனைத் தொட்டி ஒன்று உண்டு. செயற்கை அலை எழுப்பி, நிஜ எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாம். இறுதிச் சுற்றுக்கு வந்த பத்து அணிகளும் 2011இல் அங்கே இறங்கின.

வென்றது எலாஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம். நிமிடத்துக்கு 4,670 கேலன், அதாவது சுமார் 17,700 லிட்டர், எடுத்ததில் 89.5 விழுக்காடு எண்ணெய். வித்தை மிக எளியது: வழவழப்பான தட்டுகளுக்குப் பதில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய தட்டுகள். ஒட்டும் பரப்பு கூடுகிறது, பள்ளத்துக்குள் எண்ணெய் தங்கி வழியாமல் மேலே வருகிறது, வழிப்பானும் அதே பள்ளத்துக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டிருந்தது. இரண்டாம் இடம் நார்வேயின் நோஃபி. மூன்றாம் பரிசைக் கொடுக்கவில்லை. வேறு யாரும் இலக்கைத் தாண்டவில்லை.

7. சரி, அந்த மெஷின்ல நாலு வாங்கி ஒவ்வொரு துறைமுகத்திலயும் வெச்சுட்டா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 17,000 லிட்டர் எடுக்கும் இயந்திரம். கடலில் எண்ணெய் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே நல்ல கறுப்புத் திட்டுதான். 17,000 லிட்டர் கிடைக்க 1,70,000 சதுர மீட்டரை ஒரு நிமிடத்தில் துழாவ வேண்டும். இரண்டு படகுகள் 100 மீட்டர் வாய் அகலத்துக்குப் பூமை விரித்து இழுத்தாலும், நிமிடத்துக்கு 1,700 மீட்டர் ஓட வேண்டும். ஆனால் 3ஆம் கேள்வியில் சொன்ன 0.7 நாட் வரம்பு நிமிடத்துக்குச் சுமார் 21 மீட்டர்தான். அதற்குமேல் இழுத்தால் எண்ணெய் அடியில் நழுவும். ஆக இயந்திரத்தின் வாய்க்கு வந்து சேர்வது நிமிடத்துக்கு 200 லிட்டர் சொச்சம். மீதி நேரம் அது தண்ணீரில் சுழன்றுகொண்டிருக்கும்.

அமெரிக்க விதிகளிலேயே ஒரு ஸ்கிம்மரின் நாள் கொள்ளளவைக் கணக்கிடும்போது பலகையில் எழுதியிருக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதுகூடத் தாராளம் என்பேன்.

எனக்கு அந்தப் போட்டியில் முதல் பரிசைவிட இரண்டாம் பரிசுதான் பிடித்தது. நோஃபியின் கரண்ட் பஸ்டர் வகை அமைப்பு, எண்ணெயை உள்ளே வாங்கி வேகத்தைத் தணித்து, பின்னால் உள்ள பையில் தேக்குகிறது. மூன்று நாட் வேகத்தில் இழுத்தாலும் நழுவவிடாது. வாய் சிறியதுதான், ஆனால் கடலில் உள்ள முடிச்சை அது நேரே தொட்டது.

8. அப்போ நம்ம ஊர்ல எதை மேம்படுத்தினா பலன் கிடைக்கும்?

முதலில் கண். படகில் நிற்பவருக்கு எண்ணெயின் தடிமன் தெரியாது. சூரியன் சாய்ந்தால் மேக நிழலும் எண்ணெய் மாதிரி இருக்கும். மேலே ஹெலிகாப்டரோ டிரோனோ இருந்து "இடப்பக்கம் கறுப்புத் திட்டு, அங்கே போ" என்று சொன்னால் அதே ஸ்கிம்மர் பல மடங்கு எடுக்கும். இரவில் அகச்சிவப்புக் கேமரா இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் வீணாகாது.

அடுத்தது, எங்கே போகும் என்ற கணிப்பு. தோராய விதி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: நீரோட்டத்தோடு எண்ணெய் முழுசாகப் போகும், அதோடு காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காடு சேரும். வாடை அடிக்கும் ஜனவரியில் எண்ணூரில் சிந்தியது எர்ணாவூர், காசிமேடு, மெரினா என்று தெற்கே இறங்கியது ஆச்சரியமே இல்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதைக் கணினியில் கணித்துச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு சிந்தியது, எப்போது, என்ன எண்ணெய் என்று உண்மையைச் சொன்னால்தான் கணிப்பு சரியாக வரும். 2017இல் முதல் நாள் வெளிவந்த அறிக்கையில் எண்ணெய் மாசு இல்லை என்றே இருந்தது. அந்த ஒரு வரியில் போன மணி நேரங்களை எந்த இயந்திரமும் திருப்பித் தராது.

மூன்றாவது, உள்ளூர்ப் படகுகள். பூமை இழுக்கப் போர்க்கப்பல் தேவையில்லை, இரண்டு விசைப்படகு போதும். ஆனால் விபத்தன்றைக்குக் கூப்பிட்டால் நடக்காது. பூமை எந்த வேகத்தில் இழுப்பது, ஆங்கில யூ வடிவம் கலையாமல் எப்படித் திரும்புவது என்று வருஷத்தில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கூலி, டீசல், காப்பீடு என்ன என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு, எடுத்ததை ஊற்ற மிதக்கும் தொட்டிகள். இதைப் பட்ஜெட்டில் யாரும் நினைப்பதில்லை. 4ஆம் பதிலைப் பாருங்கள்.

9. சாட்டிலைட்ல பார்த்தா தெரியாதா?

ரேடார் செயற்கைக்கோளில் தெரியும், இரவிலும் மேகத்துக்கு ஊடேயும். எண்ணெய் சிற்றலைகளை அமுக்குவதால் அந்த இடம் கறுப்பாக விழும். காற்றே இல்லாவிட்டால் கடல் முழுக்கக் கறுப்பு, காற்று பலமாக இருந்தால் எண்ணெய் கலைந்து தெரியாது. பாசிப் படலமும் எண்ணெய் மாதிரியே விழும். இருட்டில் பில்ஜ் தண்ணீரை (கப்பலின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த கழிவுநீரை) கொட்டிவிட்டு ஓடும் கப்பலைப் பிடிக்க இது நல்ல கருவி. தடிமன் சொல்வதில் பலவீனம்.

10. சோப்பு மாதிரி ஏதோ மருந்து அடிப்பாங்களாமே? அதை அடிச்சா காணாமப் போயிடுமாமே?

காணாமல் போகாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். டிஸ்பர்சன்ட் என்ற அந்த மருந்து எண்ணெயைப் பொடித்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் தின்ன எளிது. பறவையும் கரையும் தப்பும். விலை கொடுப்பது நீருக்குள் இருக்கும் முட்டையும் குஞ்சும் பவளமும். ஆழ்கடலில் கரைந்து நீர்த்துப்போக இடம் உண்டு, ஆழமில்லாத கரையோரத்தில் கிடையாது. அதனால்தான் கண்ட இடத்தில் அடிக்க அனுமதி இல்லை.

1967 மார்ச்சில் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே உடைந்தபோது சுமார் 10,000 டன் தொழிற்சாலைச் சோப்புக் கரைசலைக் கொட்டினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அது கொன்றதே அதிகம் என்று பின்னால் தெரிந்தது. இன்றைய மருந்துகளில் நச்சு வெகுவாகக் குறைவு. ஆனாலும் மெக்ஸிகோ வளைகுடாவில் சுமார் 70 லட்சம் லிட்டர் தெளித்தது, அதில் ஒரு பெரும்பகுதியை ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கிணற்று வாயிலேயே செலுத்தியது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கவனிக்க வேண்டிய விஷயம்: 1ஆம் கேள்வியில் சொன்ன களி நிலைக்குப் போய்விட்டால் இந்த மருந்து உள்ளே இறங்காது. ஃபர்னஸ் ஆயிலில் முதலிலேயே அரைகுறைதான்.

11. தீ வெச்சுட்டா?

வைக்கலாம், வைத்திருக்கிறார்கள். 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் 411 முறை திட்டமிட்டு எரித்தார்கள். தீயைத் தாங்கும் பூமுக்குள் எண்ணெயை வளைத்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனாவது சேர்க்க வேண்டும். அதற்குக் கீழே கடல் நீர் சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும். தண்ணீர் ஏறிய களியும் பற்றாது. ஊருக்குப் பக்கத்தில் கூடாது. புகை மிக மோசம், அடியில் தார் போல மிஞ்சுவது மூழ்கவும் கூடும். வடசென்னையை ஒட்டிய கடலில் இதை யாரும் யோசிக்கவே கூடாது.

12. மணலைக் கொட்டி எண்ணெயை அடியில அமுக்கிட்டா கரைக்கு வராதில்ல?

இதையும் செய்து பார்த்தாயிற்று. டோரி கேன்யன் எண்ணெய் பிஸ்கே விரிகுடாப் பக்கம் வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 3,000 டன் சுண்ணாம்புப் பொடி தூவி மூழ்கடித்தார்கள். கரை தப்பியது. ஆனால் அடித்தளத்தில் நண்டும் சிப்பியும் இறாலும் இருக்கும் இடத்தில் எண்ணெயைப் படியவைப்பது, மடிவலை இழுக்கிறவன் வலையில் அதை மாட்டிவிடுவதற்குச் சமம். பெரும்பாலான நாடுகள் மூழ்கடிக்கும் பொருள்களை அனுமதிப்பதில்லை.

13. எண்ணெயைத் தின்னுற பாக்டீரியா இருக்காமே? நம்ம இந்தியர் ஒருத்தர் கண்டுபிடிச்சாரே?

ஆனந்த சக்ரவர்த்தி. பல எண்ணெய்க்கூறுகளைச் சிதைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை என்ற வகையில் அது பெரிய வழக்கு. ஆனால் அந்த பாக்டீரியா கடல் விபத்து எதிலும் இறக்கப்படவில்லை.

அதற்குத் தேவையும் குறைவு. எண்ணெய் தின்னும் உயிரிகள் கடலில் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணெய் வந்தால் பெருகும். அவற்றுக்குப் பற்றாக்குறையாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும்தான். அலாஸ்காவில் கரைக்கு உரம் தெளித்தது அதனால்தான். திறந்த கடலில் தெளித்தால் உரம் அலையோடு போய்விடும். அள்ளி வந்த கசடைக் குழியில் போட்டுப் பதப்படுத்த பாக்டீரியா நன்றாக உதவும். இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் அந்த வகை. வாரக் கணக்கு, மாதக் கணக்கு வேலை. நாளைக்குக் கரை தொடப்போகும் எண்ணெய்க்கு இது பதில் இல்லை.

14. தலைமுடி, வைக்கோல், பஞ்சு, நானோ ஸ்பாஞ்ச் இதெல்லாம் நிஜமா வேலை செய்யுமா?

உறிஞ்சும். எவ்வளவு தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும், நனைந்தபின் மிதக்குமா, பிழிந்து மறுபடி போட முடியுமா என்பவைதான் கேட்க வேண்டியவை. தலைமுடி நனைந்து மூழ்கும். 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவுக்குக் குவிந்த முடிப் பொதிகளை அதனால்தான் கடலில் இறக்கவில்லை. 2020இல் மொரீஷியஸில் வாகாஷியோ கப்பலிலிருந்து சுமார் 1,000 டன் எண்ணெய் சிந்தியபோது மக்கள் கரும்புச் சருகைத் துணியில் அடைத்துத் தைத்துக் காயலில் விட்டார்கள். அலையில்லாத ஆழமற்ற நீரில், வேறெதுவும் வந்து சேராத நேரத்தில் அது புத்திசாலித்தனமான செயல்.

நம் பக்கத்தில் கவனிக்கவேண்டியது இலவம்பஞ்சு. இழைக்குள் வெற்றிடம், மேலே மெழுகு. தண்ணீரைத் தள்ளிவிட்டு எண்ணெயைப் பல மடங்கு எடையில் பிடிக்கும். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில், நெசவுக்கு ஆகாத முதிராத பருத்தி தன் எடையில் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடிப்பதைக் காட்டினார்கள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2017இல் அறிவித்த ஓலியோ ஸ்பாஞ்ச் 90 மடங்கு வரை, பிழிந்து மறுபடி போடலாம்.

மடங்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 100 டன் எண்ணெய்க்கு 30 மடங்குப் பஞ்சு என்றாலும் மூன்று டன்னுக்கு மேல் பஞ்சை மெல்லிய படலத்தின் மேல் பரப்பி, ஒன்றுவிடாமல் திரும்ப அள்ள வேண்டும். கடைசிக் கட்டத் துடைப்புக்கும் படகுத்துறைகளுக்கும் இவை சரி.

15. எண்ணூர்ல ஏன் வாளியால அள்ளினாங்க? உலகமே சிரிச்சுதே?

சிரித்தவர்கள் அந்தக் கரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும் இருக்கின்றன. எண்ணெய் அந்த இடுக்குகளில் வந்து தேங்கிக் களியாகிவிட்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். கெட்டிச் சரக்கும் பிளாஸ்டிக் குப்பையும் குழாயை அடைத்தன. அந்த நிலையில் உலகில் எங்கேயும் ஆள் இறங்கித்தான் அள்ளுவார்கள். 2007இல் தென்கொரியாவின் தேயான் கரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கல் கல்லாகத் துடைத்தார்கள்.

வெட்கப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. எண்ணெய் பாறையைத் தொடும்வரை கடலில் அதை எடுக்காதது. வாளி கொடுத்தவர்கள் பலருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காதது.

16. அடுத்த தடவை நடந்தா நாங்க நேர்ல போய் உதவலாமா?

பதிவு செய்து, பயிற்சி தந்து, ஒருவர் பொறுப்பில் குழுவாக அனுப்பினால் போங்கள். தானாகக் கிளம்பிப் போக வேண்டாம். முதல் ஓரிரு நாளில் பென்சீன் போன்ற ஆவி அதிகம். சாதாரணத் துணி முகமூடியோ தூசு முகமூடியோ ஆவியைத் தடுக்காது. நைட்ரைல் கையுறை, ரப்பர் பூட்ஸ், முழுக்கை உடை வேண்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேண்டாம்.

உடம்பில் ஒட்டினால் மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். தோல் வழியே இன்னும் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தடவி வழித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் பூசிய பறவையையோ ஆமையையோ கண்டால் கழுவ முயலாமல், நிழலில் காற்றோட்டமான பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் நம் கரைக்கு வரும் பருவம்.

17. 2023ல எண்ணூர் முகத்துவாரத்துல அலையாத்தி மரமெல்லாம் கறுப்பாச்சே, அதை எப்படிக் கழுவுறது?

பெரும்பாலும் கழுவக்கூடாது. அலையாத்தியின் மூச்சுவேர்களில் எண்ணெய் அடைத்தால் மரம் திணறும், உண்மைதான். ஆனால் சேற்றில் ஆள் இறங்கி மிதித்தால் மேலே கிடந்த எண்ணெய் சேற்றுக்குள் போய் வருஷக்கணக்கில் தங்கும். ஓடைகளில் மிதப்பதை எடுப்பது, கிளைகளில் உறிஞ்சுபொருளால் ஒற்றுவது, வேர்ப் பகுதியில் அழுத்தம் குறைந்த நீரை விட்டு எண்ணெயை வெளியே மிதக்கவிடுவது, இவ்வளவுதான். அலாஸ்காவில் பாறைக்கரையைச் சுடுநீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயில் பிழைத்திருந்த உயிர்கள் சுடுநீரில் செத்தன. கழுவாமல் விட்ட இடங்கள் சில சீக்கிரம் தேறின.

18. மீன் சாப்பிடலாமா?

துடுப்புள்ள மீன்கள் எண்ணெய்க்கூறுகளை உடலில் சிதைத்துச் சில வாரங்களில் வெளியேற்றிவிடும். மட்டி, ஆளி, சிப்பி அப்படியல்ல; நீரை வடிகட்டித் தின்பவை, நீண்ட நாள் தேக்கி வைக்கும். நாற்றம் அடித்தால் வேண்டாம். நாற்றம் இல்லையென்றாலும் பாதிப்பு இருந்த நீரின் மட்டியைப் பரிசோதனை முடிவு வரும்வரை தவிர்க்கலாம். தூரக் கடலில் பிடித்து வந்த வஞ்சிரத்தைப் பயந்து ஒதுக்குவதில் அர்த்தமில்லை. மீனவர் வயிற்றில் அடிக்கும் பீதி அது.

19. மூழ்கின கப்பல்ல இருக்கிற எண்ணெயை எடுக்கவே முடியாதா?

முடியும். தொட்டியின் தகட்டில் வால்வு பொருத்தி, துளையிட்டு, சூடாக்கி இளக்கிப் பம்ப் செய்வார்கள். 2002இல் ஸ்பெயினுக்கு அப்பால் மூழ்கிய பிரெஸ்டீஜிலிருந்து 3,500 மீட்டருக்கும் ஆழத்தில் ரோபோக்கள் வைத்துச் சுமார் 13,000 டன்னை எடுத்தார்கள். எல்சா 3இல் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. ஆழமும் குறைவு. பிரச்சினையாக இருந்தவை பருவமழை, பணம், யார் ஏற்பது என்பவை.

20. இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? மீனவனுக்கு நஷ்டஈடு எப்படி?

1996இலிருந்து இந்தியாவில் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டம் இருக்கிறது. கடலில் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையில் மாநில அரசு. எண்ணெய் இந்த மூன்று கோட்டையும் ஒரே மதியத்தில் தாண்டிவிடும் என்பதுதான் சிக்கல். கோப்புகள் அவ்வளவு வேகமாகத் தாண்டுவதில்லை.

எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கர் என்றால் கப்பல் உரிமையாளரின் காப்பீடும், அது போதாவிட்டால் சர்வதேச நிதியும் உண்டு. இந்தியா அதில் உறுப்பு நாடு. சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கோர வேண்டும். கன்டெய்னர் கப்பலுக்கு அந்த நிதி பொருந்தாது. எல்சா 3 விவகாரத்தில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது அதனால்தான். எதுவானாலும் நிரூபிக்கிறவருக்குத்தான் பணம். ஏலக்கூடச் சீட்டு, டீசல் ரசீது, வலையின் தேதியிட்ட புகைப்படம், கடலுக்குப் போகாத நாள்களின் பதிவு இவற்றைச் சங்கமே ஒரு நோட்டில் சேர்த்து வைப்பது நல்லது. போன வருஷம் இதே மாதம் எவ்வளவு பிடித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

21. அள்ளின எண்ணெயை அப்புறம் என்ன செய்வாங்க?

கேட்பவர் குறைவு, ஆனால் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போய்விடும். 1999இல் பிரான்ஸ் கரைக்கு அப்பால் எரிகா எண்ணெய்க் கப்பல் உடைந்து சிந்தியது சுமார் 20,000 டன். கரையில் சேர்ந்த கழிவு 2,50,000 டன்னுக்கு மேல்! மணல், பாசி, பிளாஸ்டிக், பஞ்சு, கையுறை, கிழிந்த உடை எல்லாம் எண்ணெய்க் கழிவாகிவிடுகின்றன. சுத்தமான திரவம் சுத்திகரிப்பு ஆலைக்குத் திரும்பும். கலந்த மணல் 13ஆம் பதிலில் சொன்ன உயிரிப் பதப்படுத்தலுக்கோ சிமென்ட் உலைக்கோ போகும். முதல் நாளே வகைவகையாகத் தனித்தனிக் குவியலாகப் பிரித்தால் செலவு பல மடங்கு குறையும். ஒன்றாகக் கொட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

தன்னார்வலர் குழுக்கள் நிஜமாகவே உதவக்கூடிய இடம் இது. எண்ணெய் கரைக்கு வர எப்படியும் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். 8ஆம் பதிலில் உள்ள காற்று, நீரோட்டக் கணக்கை வைத்து எங்கே ஒதுங்கும் என்று தெரிந்ததும், எண்ணெய் தொடுவதற்கு முன்பே போய் அந்தக் கரையிலிருந்து குப்பை, அறுந்த வலை, மரத்துண்டு, காய்ந்த பாசி எல்லாவற்றையும் அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். அப்போது அது வெறும் குப்பை. சாதாரணக் கையுறையே போதும், மாநகராட்சி லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம்.